உள்ளான் பள்ளமும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் தலவாக்கலைக்கு மேலேயுள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். பிறந்த லயத்து வீட்டிலேயே கண்மூடினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குச் சபையில் பேசக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது. மழைநீர் வடியக் கான் வெட்டும் வேலைக்குப் போய் எங்களை வளர்த்தார். ஏழாம் நம்பர் மலையடியில் கோரை மண்டிய சதுப்புப் பள்ளம் ஒன்று உண்டு. ஐப்பசியில் உள்ளான் குருவிகள் அங்கே வந்து இறங்கும். நீண்ட அலகைச் சேற்றில் குத்திப் புழுத் தின்னும். பங்குனி கழிந்தால் வடக்கே போய்விடும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சுடுவதற்காக அண்ணன் முழங்கால் சேற்றில் நடந்து அவற்றைக் கிளப்புவார். விழுந்ததைப் பொறுக்குவதும் அவரே. அன்று அவர் சோறு உண்ணமாட்டார்.

நாங்கள் பிரஜாவுரிமை கேட்டு எழுதிய மனு திரும்பி வந்த வருடம், அந்தத் துரை சீமைக்குப் போனார். வேட்டை நின்றது. புதிய துரையோ பள்ளத்தை வடித்துத் தேயிலை நடச் சொன்னார். கான் வெட்ட அண்ணனையே போட்டார்கள். அவர் வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போனார்.

"ஐயா, பக்கத்துல தேயிலக் கன்னு வளக்கத் தவறணை போடுறீங்க. கோடையில கன்னுக்குத் தண்ணி எங்கேருந்துங்க வரும்? பள்ளத்த விட்டு வைங்க."

"கன்னுக்காடா, ஒன் குருவிக்கா?"

அண்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"சரி, நீயே சொமந்து ஊத்து. ஒரு கன்னு வாடுனாலும் கான் வெட்டிருவேன். ஆள் மாத்தவும் மாட்டேன்."

"குருவிக் காவக்காரருக்கு நல்ல வேட்டி எதுக்குங்க?" என்று அண்ணி சிரித்தார். முதல் கோடை வரைதான் அந்தச் சிரிப்பு. உடப்புசல்லாவையில் தங்கைக்குத் தாலி ஏறியபோது அண்ணன் இங்கே வாளி சுமந்துகொண்டிருந்தார். டவுன் துணிக்கடை நானா வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லை.

"நான் ஊத்துறேன், நீங்க போங்கண்ணே" என்றேன்.

"ஆள் மாறுனா பள்ளம் போயிரும் தம்பி. நான் மாட்டிக்கிட்டேன். நீயாச்சும் தப்பிச்சுக்க."

இந்தத் தை மாதம் நோயில் படுத்தபடி கேட்டார்: "குருவி இருக்காடா?"

"இருக்குண்ணே. பதினொண்ணு எழும்புச்சு."

அடக்கம் முடிந்த மறுநாள், காலைப் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் போடும்போது கண்டாக்கையா கேட்டார்: "இனி எவன்டா தண்ணி ஊத்துவான்? இல்லேன்னா கான் வெட்டுங்க."

எல்லாரும் பார்க்க, "ஏம் பேரப் போட்டுக்கங்க ஐயா" என்றேன்.

மருந்து கொடுத்த மருந்துக்காரையாவுக்கும், கோடித் துணி அனுப்பிய நானாவுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. வீடு வீடாக வந்து கைகூப்புவதே முறை. ஆனால் மழை விழும்வரை காலையும் மாலையும் தவறணையை விட்டு நகர எனக்கு வழியில்லை. வராததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி