பதில் வசனம்

போதகர் முதல் வசனத்தை வாசித்துவிட்டு நிறுத்தினார். மருத்துவமனை வார்டில் என் கணவரின் கட்டிலருகே நிற்கிறோம் என்பதை மறந்து, தேவாலயத்தில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எங்கள் தமிழ்ச் சபையில் சங்கீதத்தை ஒருவரே முழுக்க வாசிக்கும் வழக்கம் கிடையாது. முதல் வசனம் போதகருக்கு, இரண்டாவது சபைக்கு, மூன்றாவது மறுபடியும் அவருக்கு என்று கடைசிவரை மாறி மாறிப் போகும். ஆயுள் முழுக்க அப்படி வாசித்துப் பழகிய மனிதருக்கு ஒரு வசனம் முடிந்ததும் வாய் தானாக மூடிக்கொள்ளும். அன்று அந்தக் கட்டிலைச் சுற்றி இருந்த சபை நான் ஒருத்திதான். இரண்டாம் வசனத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

அதற்குக் காரணம் சொல்லவேண்டுமானால் முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். எங்கள் வீடு புக்கிட் பாஞ்சாங்கில். தீவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகிறவர் என்பதால், "உங்க வீட்டுக்காரர் தினமும் வெளியூர் போய்ட்டு வர்றாரு" என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்வார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியவர் வீட்டைவிட்டு அவசரமாகக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. விடிவதற்கு முன்பே குளித்துத் தலைசீவி, சாப்பாட்டு மேசையில் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் ஒரு வசனம், நான் ஒரு வசனம். என் புத்தகம் சமையல் மேடையில் பால்மாவு டின்னில் சாய்ந்து நிற்கும். ஒரு கண் தோசைக்கல்லில், ஒரு கண் சங்கீதத்தில். நான் வாசித்த வேகத்தைத் தாவீது ராஜா கேட்டிருந்தால் எழுதியதை நினைத்தே வருத்தப்பட்டிருப்பார்.

வாசித்து முடித்தபின் ஜெபம். அதில் மேல்வீட்டு மலாய்க் குடும்பத்தின் கைக்குழந்தை வரும், முதுகுவலிக்காரரான ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வருவார், அடிக்கடி நின்றுபோகும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட்கூட வரும். "என்னங்க, பஸ் போயிடும், ஆமென் சொல்லுங்க" என்பேன். கண்ணைத் திறக்காமலே, "ஆண்டவர் நிறுத்தி வெப்பாரு லா" என்பார். "அவரு என்ன பஸ் கேப்டனா?" என்று நான் கேட்டதும் ஜெபத்துக்கு நடுவிலேயே சிரித்துவிடுவார். முப்பது வருடத்தில் நான் வாய்விட்டு ஒருநாளும் ஜெபித்ததில்லை. அவர் எழுதிய மனுவில் கையெழுத்துப் போடுகிறவளைப்போல, ஆமென் மட்டும் சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விடுவேன். அதுவே போதும் என்றும் நினைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் புத்தகத்தைத் திறந்தார். வாயையும் திறந்தார். குரல் வரவில்லை. வலது கை மேசையிலிருந்து நழுவியது. பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கிய பிறகு டாக்டர் என்னை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது, வந்தாலும் எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது. அவர் பேச முயலும்போதெல்லாம் "தா, தா" என்ற ஒரே ஓசைதான் வந்தது. தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். நான் தப்பாகப் புரிந்துகொண்டு போர்வையை எடுத்துக் கொடுத்தால், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்து, பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு ஆண்டவரிடம் சொன்னேன்: "அவர் பேசுறவரைக்கும் நானும் உங்ககிட்ட பேசமாட்டேன்."

கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவது என் குணம். கல்யாணமான புதிதில் மூன்று நாள், நான்கு நாள்கூட வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். கடைசியில் அவர்தான் ஏதாவது சாக்கை வைத்து வந்து பேசுவார். ஆண்டவரும் அப்படி வரட்டும் என்று இருந்துவிட்டேன். போதகர் பார்க்க வந்தபோது அந்தச் சபதத்துக்குப் பதினேழு நாள் ஆகியிருந்தது.

நோயாளிகளுக்கு வழக்கமாக வாசிக்கும், கடவுளை ஆட்டிடையனாகப் பாடும் சங்கீதத்தைத்தான் அவர் எடுத்தார். முதல் வசனம் முடிந்தது. நான் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். போதகர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் கட்டிலிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

இரண்டாம் வசனம். கரகரத்த குரல், ஏற்ற இறக்கம் இல்லாத குரல். ஆனால் ஒரு சொல் பிசகவில்லை, ஒரு விகுதி தேயவில்லை. பதினேழு நாளுக்கும் மேலாகத் "தண்ணி" என்று சொல்ல முடியாமல் தவித்த மனிதர் புல்லையும் தண்ணீரையும் பற்றிய அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்லி நிறுத்தினார். போதகர் மூன்றாவதை வாசித்தார், என் கணவர் நான்காவதைச் சொன்னார். ஐந்தாவது, ஆறாவது. அத்தோடு அந்தச் சங்கீதம் முடிகிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனர் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, என்னங்க, ஏதாச்சும் சொல்லுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "தா, தா."

மறுநாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். சின்ன வயது, சீனப்பெண், பொறுமையானவள். நாமாக வாக்கியம் அமைத்துப் பேசுவது வேறு, சிறுவயதிலிருந்து மனப்பாடமாகிப்போன பாட்டும் ஜெபமும் வேறு, முன்னது போனாலும் பின்னது சிலரிடம் தப்பிக்கும் என்று விளக்கினாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக என் பிரமிப்பு குறையவில்லை. அவர் தலைக்குள் அந்த இருட்டில் எல்லாம் சரிந்துவிழுந்த பிறகும் அந்த வசனங்கள் இடிபடாமல் நின்றிருந்தன.

பிறகு, அவர் என்ன மொழியில் சொன்னார் என்று அவள் கேட்டாள். தமிழ் என்றேன். கையிலிருந்த தாளைப் புரட்டி, ஆங்கிலம் என்றல்லவா எழுதியிருக்கிறது என்றாள். எழுதியது நான்தான். வீட்டில் பேசும் மொழி எது என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். எங்கள் தலைமுறையில் பலருக்கு இருக்கும் வியாதி இது. தமிழ் என்று எழுதினால் ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று கௌரவம் பார்த்து, கை தானாக அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இரண்டு வாரத்துக்கும் மேலாக அவரிடம் கோப்பை, சாவி, சீப்பு என்று படங்களைக் காட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னோடும் ஆண்டவரோடும் ஒருநாளும் அவர் ஆங்கிலம் பேசியதில்லை. வெட்கமாக இருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை, எழுதியதை அடித்துத் திருத்தினாள். வீட்டுக்குப் போனபின் தினமும் அவரோடு அந்தப் புத்தகத்தை மாறி மாறி வாசிக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

வாசித்தேன். ஆனால் சந்தோஷமாக வாசித்தேன் என்று சொன்னால் பொய். எனக்குப் பொறாமையாக இருந்தது. காலையில் நான் முதல் வசனத்தை வாசிப்பேன், அவர் ஒரு சொல் பிசகாமல் இரண்டாவதைச் சொல்வார். புத்தகத்தை மூடியதும் எனக்கும் அவருக்கும் நடுவில் "தா, தா" மட்டும் மிஞ்சும். ஆண்டவரோடு பேச அவரிடம் அத்தனை சொற்கள் இருந்தன, கட்டிய மனைவியோடு பேச ஒன்றுமில்லை.

வீட்டிலிருந்த வேதப்புத்தகங்களின் எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால், பெரிய எழுத்துப் பிரதி ஒன்று வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். ஊரிலிருந்து கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்கள் விடுமுறைக்குக் கூடும் நேரம். சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லை. காதில் கைப்பேசிக் கருவியை மாட்டிக்கொண்டு ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "சாப்டியாம்மா?" "காய்ச்சல் விட்டுச்சா?" "பாப்பாகிட்ட குடு." பேசுகிறவர்தான் தெரிந்தார், கேட்கிறவர் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் கேட்கிறார்களா என்ற சந்தேகம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. வெற்றுக் காற்றைப் பார்த்துச் சிரித்தார்கள், கோபப்பட்டார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தின் நடுவில், பையில் புதுப் புத்தகத்தோடு நின்றுகொண்டு, எனக்கும் வாய் திறந்துவிட்டது. "எனக்குன்னு ஒரு வார்த்தை மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா ஆண்டவரே?" சத்தமாகவே கேட்டுவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் காதில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பேருந்து நிறுத்தம்வரை பேசிக்கொண்டே போனேன். பேசினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி. நான் வாய்விட்டுச் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கும்போது உறைத்தது. பஸ்ஸிலேயே அழுது முடித்திருந்தேன்.

அதன்பிறகு வாசிப்பது வேறுமாதிரி ஆனது. தோசையை முதலில் சுட்டு மூடிவைத்துவிட்டு, மேசைக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாகத்தான் எடுத்துவைப்பார், அவசரப்படுத்த முடியாது. அவர் வசனம் முடியும்வரை காத்திருக்கும்போது, நான் வாசித்த வசனம் என்ன சொன்னது என்று முதல்முறையாகக் காதில் விழத் தொடங்கியது. தேக்காவில் நான் போட்ட சண்டையைவிடப் பெரிய சண்டைகள் அதில் இருந்தன. எத்தனை நாளைக்கு என்னை மறந்திருப்பீர் என்று கேட்கிறவர் இருந்தார், அழுதே படுக்கையை நனைத்தவர் இருந்தார். முப்பது வருடம் தோசைக்கல்லுக்கு மேலாக இதையெல்லாம் நானே வாசித்திருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை பெரிய வீட்டின் வாசற்படியிலேயே இவ்வளவு காலம் நின்றிருந்தேனா என்று மலைத்துப்போனேன். வாசித்து முடித்ததும் இப்போது நான்தான் ஜெபித்தேன். மேல்வீட்டுக் குழந்தையையும் லிஃப்டையும் விடவில்லை. ஆமென் அவருடையது.

மாதங்கள் போயின. "தண்ணி" வந்தது, "சரி" வந்தது, "போதும்" வந்தது. அதற்குமேல் வரவில்லை. வரும் வரும் என்று நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிப் பரிசோதனையில் அந்தச் சீனப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிப் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்றாள். யாராவது தொடங்கிக் கொடுத்தால் அவரால் தொடர முடிகிறது, தானாக ஒன்றைத் தொடங்குவதுதான் அவருக்குக் கடினம், அது அப்படியே நின்றுவிடலாம் என்றாள். வீடு வரும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தோசை சுட்டேன், மூடிவைத்தேன், மேசைக்கு வந்தேன். புத்தகத்தைத் திறக்கக் கை வரவில்லை. கோபம்கூட இல்லை. முன்பு பேசமாட்டேன் என்று சபதம் போடவாவது தெம்பிருந்தது, இன்று அதுவும் இல்லை. மூடிய புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் காத்திருந்தார். எங்கள் ஜன்னலில் புக்கிட் தீமா குன்று தெரியும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் அதை மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். வெளிச்சம் அதன்மேல் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். இடது கையால் என் கைமேல் ஒருமுறை தட்டினார். பிறகு, யாரும் தொடங்கிக் கொடுக்காமல், அவராகவே தொடங்கினார்.

மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்தி ஒத்தாசையைத் தேடும் சங்கீதம் அது. முதல் வசனம். வாய் கோணிற்று, நெற்றி வேர்த்தது, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அத்தனை நேரம் ஆயிற்று. ஆனாலும் விடாமல் சொல்லி முடித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்தினார்.

ஒத்தாசை எங்கிருந்து வரும் என்பதுதான் இரண்டாம் வசனம். அது என்னுடையது. புத்தகம் மூடியிருந்தது, என் கண்ணாடி எங்கேயோ இருந்தது. எனக்கு ஒன்றும் மனப்பாடம் கிடையாது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். சொல் சொல்லாக, விகுதி தேயாமல், அது முழுசாக வந்தது. என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் தலையாட்டிவிட்டு மூன்றாவதைத் தொடங்கினார்.