மேளம் அடிக்காமல் வந்த உத்தரம்

பெத்ரோனெலா காலைச் சாப்பாட்டை நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். சேகோக் களியை இரண்டு குச்சிகளில் சுற்றி எடுத்து, மஞ்சள் மீன்குழம்பில் முக்கி விழுங்குவாள். கடைசி வாய் தொண்டையில் இறங்கும் முன்பே கால் ஆற்றுப் பக்கம் திரும்பிவிடும். கல்யாணமான புதிதில் அவள் கணவன் மெல்கி, "பொண்டாட்டி கட்டினேனா, காத்தைக் கட்டினேனா தெரியலை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவனே கப்பல் வேலைக்குப் போய்விட்டான். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறான்.

ஹத்துலியாவில் எல்லோருக்கும் அவள் நெலாதான். இருபது வருஷம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்போன் நகரச் சந்தையில் மீன் விற்றாள். ஓரிடத்தில் உட்கார்ந்து விற்கும் பெண்களைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல் வரும். "மீன் நடக்காது. நாமதான் நடக்கணும்" என்பாள்.

அந்த நடையை ஊர்ப்பக்கம் திருப்பியது லொம்பா மீன் வராத இரண்டு வருஷங்கள்.

லொம்பாக் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரத்துக்குள் வரும். இருட்டியதும் மேயக் கடலுக்குப் போய் விடிவதற்குள் திரும்பிவிடும். அப்படியே சில மாதங்கள் ஆற்றிலேயே வளரும். அதுவரை முகத்துவாரம் சாசி என்னும் ஊர்த்தடையில் இருக்கும். இரண்டு கரையிலும் தென்னங்குருத்து கட்டிய கம்புகள் நடுவார்கள். அவற்றுக்கு இடையே வலை வீசக்கூடாது, மோட்டார் ஓட்டக்கூடாது, அலையாத்தி மரத்தில் ஒரு கிளையை ஒடிக்கக்கூடாது, பாத்திரம்கூடக் கழுவக்கூடாது. மீன் வளர்ந்தபின் ஒருநாள் சாசியைத் திறப்பார்கள். முழு ஊரும் ஆற்றில் இறங்கும். ஆண் இல்லாத வீட்டுக்கும், படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கும் சமமாகப் பங்கு போகும். காற்றுக்காலத்தில் படகு எதுவும் கடலுக்குப் போக முடியாதபோது அந்தக் கருவாடுதான் ஊரின் சாப்பாடு.

மீன் வராத வருஷங்களில் கடையில் டப்பா மீனும் நூடுல்ஸும் கடனுக்குப் போயின. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கினார்கள். அண்ணன் தம்பிகள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டார்கள். திறப்பு நாளில் மட்டும் வீட்டைவிட்டு வெளியே வரும் கிழவர்கள் வெளியே வரவே இல்லை. அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே பக்கத்துத் தெருவுக்குத் தெரியவில்லை.

அப்போது கூடிய ஊர்க்கூட்டத்தில் நெலா எழுந்தாள்.

"மீன் ஏன் வரலைன்னு ஆளுக்கொரு கதை சொல்றீங்க. சாசி போட்டிருக்கும்போதே ஆத்து வாய்க்குள்ள எத்தனை மோட்டார் போச்சு, அதைச் சொல்லுங்க. உங்க மோட்டாரும்தான் ராஜா."

ஹத்துலியாவில் ஊர்த்தலைவரை ராஜா என்றுதான் அழைப்பார்கள். ராஜா இருமினார். சாசிக் காவல்காரர்களின் தலைவர் ஒபெத் சிரித்துவிட்டார். "கத்தறவ கையிலயே கம்பைக் குடுத்துருவோம்" என்றார். கூட்டமும் சிரித்தது. ஒபெத் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாளே காவல் கம்பு நெலாவின் கையில் இருந்தது. அதற்கு முன் அந்தக் கம்பை எந்தப் பெண்ணும் பிடித்ததில்லை.

அவள் எல்லாப் படகையும் நிறுத்தினாள். தன் கொழுந்தனின் படகை நிறுத்தினாள். ஒரு நாள் ராஜாவின் படகையும் நிறுத்தி, ஊரே கரையில் நின்று பார்க்க, அவர் கையில் துடுப்பைக் கொடுத்தாள். ராஜா வியர்க்க வியர்க்கத் துடுப்புப் போட்டார்.  அதை மறக்கவே இல்லை.

அந்த வருஷம் மீன் வந்தது. தண்ணீருக்கடியில் கருமேகம் போல ஒரு கூட்டம். நெலாவுக்கு அதன்பின் நிம்மதி போயிற்று. விடிவதற்கு முன்பே எழுந்து முகத்துவாரத்துக்கு ஓடுவாள். மீன் திரும்பி வந்துவிட்டதா என்று பார்ப்பாள். வந்திருந்தாலும் நிம்மதி இல்லை. நாளைக்கு வருமா?

திறப்புக்கு ஒரு வாரமே இருந்தபோது சிரிமோவிலிருந்து செய்தி வந்தது. ஹத்துலியாவில் கட்டும் தேவாலயத்துக்கான முகட்டு உத்தரத்தோடு புறப்படுகிறார்கள். காற்று திரும்பப் போகிறது, அதனால் திறப்பு வரை காத்திருக்க முடியாது, நாளைக்கே வருகிறோம்.

சிரிமோ அக்கரைத் தீவிலிருக்கும் முஸ்லிம் ஊர். ஹத்துலியா கிறிஸ்தவ ஊர். இரண்டும் பேலா. என்றோ முன்னோர்கள் இரத்தம் கலந்து குடித்துச் சத்தியம் செய்ததால் இரண்டு ஊராரும் உடன்பிறப்புகள். அவர்கள் மசூதிக்கு இவர்கள் தூண் கொண்டுபோவார்கள். இவர்கள் கோயிலுக்கு அவர்கள் உத்தரம் கொண்டுவருவார்கள். பேலா கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னவன் வீட்டில் பிள்ளைக்கு நோய் வரும் என்று இன்றும் பயப்படுகிறார்கள்.

உத்தரத்தோடு மோட்டார் படகுகள் வரும். மேளமும் கொங்கு என்னும் வெண்கலத் தட்டும் முழங்கும். பெண்கள் தப்பு அடித்துப் பாடுவார்கள். கரையெங்கும் பவளப் பாறை, முகத்துவாரத்தைத் தவிர வேறு இறங்குதுறை கிடையாது.

"இந்தச் சத்தத்துல மீன் ஒரே மூச்சுல கடலுக்கு ஓடிரும். திரும்பாது" என்றாள் நெலா.

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?" என்றார் ராஜா. "பேலாவைப் பார்த்து வாயை மூடிட்டு வான்னு சொல்றதா?"

"ராத்திரி மீன் வெளிய போனப்புறம் வரட்டுமே."

"இருட்டுல, மணல்திட்டைத் தாண்டி, அவ்வளவு நீள உத்தரத்தை? பொம்பளைங்க பிள்ளைங்க இருக்காங்க படகுல." ஒபெத் தலையாட்டினார். "ஆகாது நெலா. பழகின என்னையே அந்தத் திட்டு ரெண்டு தடவை கவுத்திருக்கு."

"அப்ப நான் போய்ப் பேசறேன்."

"நீ பேச வேணாம்" என்றார் ராஜா. "நீ துடுப்பு குடுக்கறதுக்கு அவங்க ஹத்துலியா ராஜா இல்லை."

கூட்டம் சிரித்தது. நெலா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனாள், பாயை விரித்தாள், சுருட்டினாள், மறுபடி விரித்தாள்.

காலையில் கடல் ஏற்றம் பிடித்தபோது அவள் தன் சிறு படகைத் தள்ளிக்கொண்டு போனதை ஒபெத் பார்த்தார். தடுக்கவில்லை. வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றார்.

மணல்திட்டுக்கு வெளியே அலை முரடாக இருந்தது. படகுகளைக் காண்பதற்கு முன்பே மேளம் கேட்டது. அப்புறம் கொங்கு, அப்புறம் மோட்டார். மூன்று பெரிய படகுகள், நடுப்படகோடு பிணைத்த உத்தரம், அதன்மேல் வெள்ளைத் துணி. நெலா நேரே முதல் படகின் குறுக்கே போய்த் துடுப்பைத் தூக்கினாள்.

மோட்டார் அணைந்தது. மேளக்காரன் கத்தினான்: "யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகலை. அடிக்கறதை நிறுத்து தம்பி."

முன்படகில் இருந்த கிழவர் ஹாஜி தாஹிர் குனிந்து பார்த்தார். சிரிமோவின் பெரியவர், போன தடவை தூண் வாங்கிக்கொண்டவர். "நெலாவா? மீன்காரி நெலாவா? ஏம்மா, வரவேற்க உன்னை மட்டும்தான் அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பலை அண்ணே. நானா வந்தேன்." மூச்சு வாங்கியது. "ஆத்துக்குள்ள லொம்பா நிக்குது. ரெண்டு வருஷம் வராம இப்பதான் வந்திருக்கு. மோட்டார் வேணாம். மேளம் வேணாம். ஏற்றம் உள்ள இழுக்குது, துடுப்புப் போட்டா போதும்."

பின்படகிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "மூணு மாசமா பாட்டுப் பழகியிருக்கோம். கோயில் உத்தரம், ஊமையா வரவா?"

"கோயில் வாசல்ல பாடுங்க அக்கா. விடிய விடியப் பாடுங்க. நானும் ஆடறேன்."

"நீ ஆடறதைப் பார்த்தா மீன் எங்க, நாங்களே ஓடிருவோம்" என்றான் மேளக்காரன். சிலர் சிரித்தார்கள். ஹாஜி சிரிக்கவில்லை.

"உங்க ராஜா கேக்கச் சொன்னாரா?"

"கேக்கக்கூடாதுன்னு சொன்னார். நான் கேக்கறேன். நானும் பேலாதான். இல்லேன்னு சொல்லுங்க, பார்க்கலாம்."

படகு ஏறி இறங்கியது. விருந்தாளியிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது வாயைவிட்டு வந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது.  

"சரி, நீ கேட்டதைக் குடுத்தாச்சு" என்றார் ஹாஜி. மேளக்காரனைப் பார்த்து, குச்சிகளை உள்ளே வைக்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு நெலாவிடம் திரும்பினார். "இப்ப நான் கேக்கறேன்."

நெலா அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஆத்து முகத்தை நாங்களே கெடுத்துட்டோம். இறால் பண்ணைக்குன்னு அலையாத்தியை வெட்டினோம், அப்புறம் மணலை அள்ளினோம். இப்ப அலை நேரா வீட்டுக்குள்ள வருது. மீன் வந்து எத்தனையோ வருஷமாச்சு. எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கு சாசி திறக்கறதுன்னா என்னன்னே தெரியாது." நிறுத்தி, தாடியைத் துடைத்துக்கொண்டார். "திறக்கற அன்னிக்கு எங்களைக் கூப்பிடு. சிரிமோவுக்கும் பங்கு போடு."

அந்த மீன் ஊருடையது. கொடுக்க அவளுக்கு உரிமை இல்லை. மறுக்கவும் உரிமை இல்லை. நல்ல பதிலாக ஒன்றைத் தேடினாள். அவளைத் தேட விடாமல் அலை படகைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"போடறேன்" என்றாள்.

கரையில் ராஜா புதுச் சட்டையில் நின்றிருந்தார். குழல் ஊதும் பிள்ளைகள் வாயில் குழலோடு காத்திருந்தார்கள். திட்டின் வளைவில் படகுகள் ஒரு சத்தமும் இல்லாமல் வந்தன. துடுப்பு நீரைத் தொடுவது மட்டும் கேட்டது. பெண்கள் தப்பை மடியில் கவிழ்த்துவைத்திருந்தார்கள். கரையில் ஒரு கிழவி சாவு வந்துவிட்டது என்று அழத் தொடங்கினாள். அவளை அடக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உத்தரத்தைத் தோளில் ஏற்றி, ஊருக்குள் போய், கோயில் முற்றத்தை அடைந்த பிறகுதான் மேளம் வெடித்தது. மூன்று மாதப் பாட்டும் அங்கேதான் வெளியே வந்தது. அதற்குப்பின் எல்லோரும் ஆடினார்கள். நெலாவால் ஆட முடியவில்லை. ஹாஜியிடம் பங்கு விஷயத்தைக் கேட்ட ராஜா அவளைக் கோயிலுக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு ஊர் மீனைக் குடுத்தே?"

"யாரைக் கேட்டு இல்லேன்னு சொல்லியிருக்கணும் ராஜா?"

"நீயே போய் வீடு வீடா சொல்லு. என் வாயால சொல்லமாட்டேன். மீன் நாளைக்குத் திரும்பி வந்தா, சொல்லு. வரலைன்னா கம்பைக் கொண்டுவந்து என் வாசல்ல வை."

மாலை இருண்டதும் மீன் வழக்கம்போல வெளியேறியது. வழக்கம்போலத்தானா, பயந்து போனதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கீழ்வானம் வெளுக்கும் முன் நெலா முகத்துவாரத்தில் இருந்தாள். கம்பிலிருந்து கம்புக்கு நடந்தாள். தொழுகையை முடித்துவிட்டு ஹாஜியும் வந்து சேர்ந்தார். "இன்னும் வரலையா?" என்றார். "பார்த்துட்டுத்தானே இருக்கேன்" என்று சீறினாள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நீர் சாம்பலாக இருந்தது. பிறகு மணல்திட்டு ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுத்தது. கறுப்பு நகர்ந்தது, நீண்டது, அவர்கள் காலடியைக் கடந்து ஆற்றுக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது.

ஹாஜி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நெலா அதற்குள் ஊரை நோக்கி நடந்திருந்தாள்.

முதல் வீடு லின்ஜேயுடையது. நாலு பிள்ளைகள், நோயாளிக் கணவன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நெலா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மீன் வந்துவிட்டது, திறப்பு அன்று சிரிமோவும் வரும், ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு குறையும், வாக்குக் கொடுத்தது நான்.

லின்ஜே ஊதுகுழலைக் கீழே வைத்தாள். 

"போன காத்துக்காலத்துல என் சின்னது பசியில அழுதுச்சே, உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அங்கயும் அழுதிருக்கும்." புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "குடுக்கறதுன்னு ஆச்சு, குடு. எத்தனை வீடு அவங்க ஊர்ல?"

நெலா ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கலையா?" லின்ஜே நிமிர்ந்தாள். "எத்தனை பங்குன்னு கேக்காமயே ஒத்துக்கிட்டியா?"

"அலை அடிச்சுது" என்றாள் நெலா.

திரும்பி ஆற்றை நோக்கி வேகமாக நடந்தாள். ஹாஜி இன்னும் கரையில்தான் இருப்பார். சிரிமோ ஹத்துலியாவைவிடப் பெரிய ஊர் என்பது பாதி வழியில்தான் அவளுக்கு நினைவு வந்தது. அவள் ஓடத் தொடங்கினாள்.