நான்கு நிமிட லேப்டாப்

நூலக வாசலில் ஆள் உயரத்துக்கு நின்று சிரித்துக்கொண்டிருப்பது அவள்தான். நீலச் சட்டை, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த புது லேப்டாப், முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு. காலடியில் கொட்டை எழுத்தில் அவள் சொன்ன வாசகம்: ‘எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.’ இதனாலேயே பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் ‘போஸ்டர் அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. முப்பத்தாறு வயதில் கடல் தாண்டி வந்து, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அக்காவோடு நிறுத்திக்கொண்டார்களே, அதுவே பெரிய மனசு.

அந்தப் போஸ்டரைத் தாண்டித்தான் தினமும் அவள் உள்ளே போகவேண்டும். எதற்கு? பொதுக் கம்ப்யூட்டருக்கு வரிசையில் நிற்க. புது லேப்டாப் வைத்திருப்பவள் எதற்கு இங்கே வந்து இடத்தை அடைக்கிறாள் என்று பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பது அவள் காதில் விழும். முதலில் திரும்பிப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஊரில் ஒன்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கணவன் ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளன். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. “மத்தவங்க ரத்தத்தையே பார்த்துக்கிட்டு எத்தனை நாள் இருப்ப, மேல படி” என்று தள்ளிவிட்டவனே கணவன்தான். முதல் வருஷத்தை இருவருடைய சேமிப்பும் எப்படியோ இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டது. இரண்டாம் வருஷத்துக்கு உதவித்தொகை கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். நடுவில் வேறு வழி கிடையாது.

அவளிடம் இருந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அதற்குக் கோபம் வரும். கணவன் அலுவலகத்தில் கழித்துக்கட்டியது. திரையைத் தாங்கும் கீல் உடைந்து போனதால் சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். பேட்டரி எப்போதோ கண்ணை மூடிவிட்டது. ஒயரைச் செருகினால் உயிர் வரும், அதுவும் செருகிய இடத்தைக் கால் கட்டைவிரலால் ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே இருந்தால்தான். அறையில் வேலை செய்யும் ஒரே பிளக் கதவுக்குப் பக்கத்தில். அறைத்தோழி கதவைத் திறந்தால் அவள் முழங்காலில் இடிக்கும், விரல் நழுவும், திரை அணையும், இரண்டு மணி நேர வேலை போயே போய்விடும். இப்படி மூன்று முறை. “கால் கட்டைவிரலால படிச்சுப் பட்டம் வாங்கின முதல் ஆள் நானாத்தான் இருப்பேன்” என்று ஒரு நாள் சிரித்தாள். நான்காவது முறை சிரிக்கவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

சரி, போஸ்டர் கதைக்கு வருவோம். ஆறு மாதத்துக்கு முன்னால் பல்கலைக்கழகச் செய்திமடலுக்காக ஒரு பெண் வந்தாள், கையில் கேமரா. வெளிநாட்டு மாணவர் ஒருவருடைய கருத்து வேண்டுமாம். இரண்டே கேள்விகள். உதவித்தொகை எல்லாருக்கும் எளிதாகக் கிடைக்கிறதா? மாணவர்களுக்கு உதவியாகக் கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் லேப்டாப்கள் எப்படி? அதுவரை உதவித்தொகை வாசலையே அவள் மிதித்ததில்லை. புது லேப்டாப்பைப் பார்த்ததே அந்த நிமிஷம்தான். வேறு யாராவது என்றால் அதைச் சொல்லியிருப்பார்கள். இவள் வளர்ந்த வளர்ப்பு வேறு. அடுத்தவர் வீட்டுக்குப் போனால், வயிறு பசித்தாலும் சாப்பிட்டாச்சு என்று சொல்லவேண்டும். வசதியா இருக்கீங்களா என்று கேட்டால் ஒரு குறையும் இல்லை என்று சொல்லவேண்டும். கேட்டவள் முகம் வாடக்கூடாதே என்று அப்படியே சொன்னாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சாமான் அறையிலிருந்து லேப்டாப்பை வெளியே எடுக்க ஒரு கையெழுத்து வேண்டுமாம். “சும்மா போட்டோவுக்குத்தான்கா, இங்க போடுங்க” என்றாள் கேமராக்காரி. போட்டாள். லேப்டாப் அவள் கையில் நான்கு நிமிடம் இருந்தது. மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. படம் எடுத்து முடித்ததும் அதை வாங்கிக்கொண்டு கேமராக்காரி போனாள். ஒப்பந்தம் முடிந்து வேலையை விட்டும் போனாள்.

உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்று காலை, பொதுக் கம்ப்யூட்டரில் தன் எண்ணைத் தட்டினாள். ஒரு வாரமாகவே தட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்குத் திறந்தது. சிவப்பு எழுத்தில் ஒரே வரி: ‘ஏற்கெனவே உதவி பெற்றவர். தகுதி இல்லை.’

உதவித்தொகை அதிகாரி தங்கமான மனுஷி. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், கம்ப்யூட்டர் திரையை இவள் பக்கம் திருப்பினாள்.

“ஒரு நிதியிலிருந்து ஒருத்தருக்கு ஒரு உதவிதான்மா. அதே நிதியிலதான் உங்களுக்கு லேப்டாப் கொடுத்தாச்சே.”

“அது போட்டோவுக்காக மேடம். நாலு நிமிஷம்தான் என் கையில இருந்துச்சு. உடனே வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

அதிகாரி பென்சில் முனையால் திரையைத் தொட்டுக் காட்டினாள். “இது உங்க கையெழுத்து. இது உங்க போட்டோ, கையில லேப்டாப். இது நீங்க சொன்னது, ஒரு குறையும் இல்லைன்னு. இதுல எதும்மா பொய்?”

ஒன்றும் பொய்யில்லை. எல்லாம் உண்மை. அதுதான் தலையெழுத்து.

“ரொம்ப சுலபம்” என்றாள் அதிகாரி ஆறுதலாக. “லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துட்டு ரசீது கொண்டாங்க. உங்களுக்கு விண்ணப்பத்தைத் திறந்து விடுறேன். அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு.”

கீழ்த்தளத்தில் இருந்தது சாமான் அறை, மூன்று மணிக்குத்தான் திறந்தார்கள். சாமான் அறைக்காரர் எதிலும் அவசரப்படாத மனிதர். பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, விரலை வரியில் வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“உங்க பேர்லதான் இருக்கு. கொண்டாங்க, வாங்கிக்கிறேன்.”

“என்கிட்ட இல்லீங்க. அன்னைக்கே உங்க அறைக்குத் திரும்பி வந்துடுச்சு.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வந்துச்சும்மா. நான் சாப்பிடப் போன நேரம், யாரோ மேசை மேல வச்சுட்டுப் போயிட்டாங்க. கணக்கெடுப்புல ஒண்ணு அதிகமா வந்துச்சு. எனக்கென்ன தெரியும்? கம்பெனிக்காரன் ஒண்ணு சேர்த்து அனுப்பிட்டான்னு எழுதிக் கொடுத்தேன். மேல நாலு பேர் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இப்ப அது உங்க லேப்டாப் இல்ல. அது வேற லேப்டாப்.”

அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டாவது தட்டில், பிளாஸ்டிக் பிரிக்காத அந்த லேப்டாப் உட்கார்ந்திருந்தது. இவள் கையை நீட்டினாலும் இன்னும் மூன்று முழம் வேண்டும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவளுக்குக் கைக்கே எட்டவில்லை.

“அதையே எடுத்துக் கொடுங்க. வெளிய போய்ட்டு உள்ள வந்து திருப்பிக் கொடுத்துடறேன்.”

“நல்லா இருக்கே! அப்ப அதிகமா வந்த ஒண்ணு எங்கன்னு மேல கேப்பாங்க. ஓய்வு பெற எனக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கும்மா. நீங்க தப்பிக்க என்னை மாட்டி விடாதீங்க.” கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். உண்மையிலேயே அவருக்கு அவள் மேல் இரக்கம்தான். “ஒரு வழி இருக்கு. தொலைச்சுட்டேன்னு எழுதிக் கொடுங்க. உங்க பேர்லருந்து போயிடும். பின்னால இங்க எந்தச் சாமானும் தர மாட்டாங்க, அவ்வளவுதான். ஆனா விண்ணப்பம் திறந்துடும்.”

“நான் தொலைக்கவே இல்லீங்களே.”

“யாரு தொலைச்சீங்கன்னு சொன்னா? எழுதிக் கொடுங்கன்னுதான் சொல்றேன்.”

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். போதும் என்று தோன்றியது. வாங்காத பொருளை வாங்கினேன் என்று ஒரு கையெழுத்து, தொலைக்காத பொருளைத் தொலைத்தேன் என்று இன்னொரு கையெழுத்தா? மானம் போக வேண்டாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம். பழைய கூடத்தில் எப்படியும் சேர்த்துக்கொள்வார்கள், குழந்தை பக்கத்தில் இருக்கும். அப்படி முடிவு செய்ததும் ஒரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த தோள்வலி சட்டென்று இறங்கியது போல இருந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

“நானே கூப்பிடலாம்னு இருந்தேன்!” அவன் குரலில் அப்படி ஒரு துள்ளல். பின்னால் யார் யாரோ கைதட்டுவது கேட்டது. “இன்னைக்குத்தான் எனக்குக் கடைசி நாள். பிரிவு உபச்சாரம் நடக்குது, கேக்குதா?”

“எதுக்குக் கடைசி நாள்?”

“வேலையை விட்டுட்டேன். நேர்ல வந்து சொல்லலாம்னுதான் மறைச்சு வச்சேன். நானும் பாப்பாவும் அங்கேயே வந்துடறோம். ஒரு வருஷம் ரெண்டு இடத்துல கிடந்தது போதும். என் இடத்துக்கு ஆளும் போட்டாச்சு, அவருதான் பக்கத்துல நிக்கிறாரு.”

படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, யாரைக் கேட்டு இப்படிச் செஞ்சீங்க?”

“யாரைக் கேக்கணும்? நீதான் சொல்லிட்டியே, ஒரு குறையும் இல்லைன்னு. செய்திமடல்ல வந்த அந்தப் போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டு இங்க எல்லாருக்கும் காட்டிட்டேன். உனக்கு லேப்டாப்பே கொடுத்தவங்க உதவித்தொகையா தரமாட்டாங்க?”

“அந்த லேப்டாப் என்னோடது இல்லைங்க” என்றாள். ஒரு வருஷத்தில் முதல் முறையாக, சுற்றி வளைக்காமல், மறைக்காமல் சொன்னாள். “சும்மா போட்டோவுக்குக் கொடுத்தாங்க. இங்க நான் ரொம்பக் கஷ்டப்படுறேன். எனக்கு உதவித்தொகையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “இதுதான் உன்கிட்ட பிரச்சனையே. யாராவது கண்ணு வச்சுடுவாங்கன்னு பயந்து எல்லாத்தையும் இல்லை இல்லைம்ப. கல்யாணத்தப்பவும் இப்படித்தான், சமைக்கவே தெரியாதுன்னு சொன்ன. உன்னோடது இல்லைன்னா உன் கைக்கு எப்படிம்மா வந்துச்சு? சரி, கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன்.”

போன் அணைந்தது. கட்டிய புருஷனே போஸ்டரைத்தான் நம்புகிறான். ஊருக்குப் போகலாம் என்று திறந்து வைத்த கதவை அவனே வெளியிலிருந்து பூட்டிவிட்டான், அதுவும் ஆசையாக. அவன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அங்கே வேலை போயிற்று. இங்கே ஐந்து மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

சாமான் அறைக்காரர் தாளை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். எப்போது தொலைந்தது, எங்கே, எப்படி என்று மூன்று கட்டங்கள். உதவித்தொகைக்காக எழுத வேண்டிய கட்டுரையில் ஒரு பத்திக்கு அவள் ஒரு வாரம் திணறியிருக்கிறாள். இது தண்ணீர்பட்ட பாடாக வந்தது. பேருந்தில் மறந்து வைத்துவிட்டேன், இறங்கியதும் ஓடினேன், வண்டி போய்விட்டது. என் கவனக்குறைவுதான் காரணம். கீழே கையெழுத்து.

அதிகாரி அதை நிதானமாகப் படித்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எந்தப் பேருந்து என்றுகூடக் கேட்கவில்லை. முத்திரை குத்தினாள், கம்ப்யூட்டரில் இரண்டு முறை தட்டினாள். சிவப்பு வரி மறைந்து விண்ணப்பம் திறந்தது.

“புதுப் பொருளாச்சே, பத்திரமா வச்சுக்கக் கூடாதாம்மா?” என்றாள் அதிகாரி. குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். “காலையில வந்தப்பவே உண்மையைச் சொல்லியிருந்தா உங்களுக்கும் இவ்வளவு அலைச்சல் இல்லை, எனக்கும் நேரம் மிச்சம்.”

அவள் முகமெல்லாம் எரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மணி நாலரை ஆகியிருந்தது.

“தப்புதாங்க” என்றாள்.

அதையும் அதிகாரி உடனே நம்பினாள்.