இருக்கட்டுமா, போகட்டுமா?

பேய் என்றதும் நடுராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை, புளியமரம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது. மதியம் இரண்டு இருபதுக்கு, சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், நாற்பத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்த கம்பெனி பஸ்ஸில் நடந்தது. கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பட்டவள் பெயர் மாரிசெல்வி. அவள் என் எதிரே உட்கார்ந்து, டீ ஆறி ஆடை படிகிற வரைக்கும் அழுது அழுது சொன்னதை, மணி நிமிஷம் மாறாமல் எழுதுகிறேன்.

மாரிசெல்விக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கம். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் போன் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லைன் வேலை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நின்றது நின்றபடி. அவளை ஊரிலிருந்து கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டவள் பெரியம்மா மகள் உலகம்மாள். அவளுக்கும் அதே கம்பெனிதான், ஆனால் ஜெனரல் ஷிப்ட். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை. இருவருக்கும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டல், ஒரே அறை, அடுக்குக் கட்டில். மேல் கட்டிலில் தங்கச்சி, கீழ்க் கட்டிலில் அக்கா. தாயில்லாப் பெண்ணான மாரிசெல்விக்கு இந்தச் சீமையில் உலகம்மாளை விட்டால் நாதி கிடையாது.

அந்த ஹாஸ்டலுக்கு மூச்சுக்காற்று எட்டரை மணி சீரியல். ஆனால் முதல் ஷிப்டுக்காரிகளுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. காலை நாலு மணிக்கு எழ வேண்டுமென்றால் எட்டு மணிக்கே கட்டையைச் சாய்க்க வேண்டும். இரண்டாம் ஷிப்டுக்காரிகளோ அந்நேரம் லைனில் நிற்பார்கள். அதனால் ‘எட்டரை மணி’ என்றே வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். உலகம்மாள் சீரியலைப் பார்த்துவிட்டு, கதையைத் தன் குரலில் பேசிப் போடுவாள். மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். அதுவும் சாதாரணக் கருத்தா? மாமியாரைக் கிழிப்பது என்ன, கதாநாயகி யாழினிக்குப் புத்தி சொல்வது என்ன! நாட்டுப் பிரச்சினையை இவர்கள் கையில் விட்டால் ஒரு வாரத்தில் தீர்த்துவிடுவார்கள். கேமரா போன் கம்பெனி கேட்டைத் தாண்டக் கூடாது என்பதால் எல்லாரும் போனை அறை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். ஆக, மாரிசெல்வி முதல் நாள் கதையைக் கேட்பதே மறுநாள் மதியம் மூன்று மணிக்கு மேல்தான்.

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸில் கடைசி வரிசைக்கு முந்திய வரிசை, ஜன்னல் சீட்டு அவளுக்குக் கிடைத்தது. ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிட்டாள். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பஸ்ஸே தூங்கிப்போனது. மணி 2:26. பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல்.

“எட்டர மணிக் கதை பாத்தியா?”

“பாக்கலக்கா. சொல்லுங்க” என்றாள் மாரிசெல்வி, கண்ணைத் திறக்காமலே.

“யாழினி எழுதின லெட்டர மாமியாக்காரி சாமி விளக்குல காட்டி எரிச்சுட்டா. நாத்தனா சுபத்ரா கதவாண்ட நின்னு பாத்துகினு கீறா. நீ இன்னா சொல்ற?”

“படுபாவி” என்றாள் மாரிசெல்வி. குரல் சிரித்தது. மாரிசெல்வி முதல் ஸ்டாப்பிலேயே இறங்குகிறவள். தூக்கக் கலக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக்கு வந்ததும் குரூப்பில் தன் கருத்தைப் போட்டாள். ‘லெட்டரை எரிச்ச கை வெளங்குமா?’ சாயங்காலம் வந்த உலகம்மாள் சிரித்தாள். “ஏட்டி, எந்த லெட்டரு? அப்படி ஒண்ணும் வரலையே. கனாக் கண்டியா?”

அன்று ராத்திரி 8:47-க்கு மாமியார் அந்த லெட்டரை எரித்தாள். சாமி விளக்கில்தான். சுபத்ரா கதவோரம்தான் நின்றாள்.

மறுநாள் காலை நாலு மணிக்கு மாரிசெல்வி மேல் கட்டிலிலிருந்து இறங்கியபோது உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். தூங்கியதாகவே தெரியவில்லை.

“உனக்கு அந்தக் கதையச் சொன்னது யாரு?”

“பஸ்ஸுல ஒரு அக்கா.”

உலகம்மாளின் முகம் செத்துப்போனது. “இனிமே டிரைவர் பக்கத்துல உக்காரு. பின்னால போகாத.”

“எதுக்கு?”

“சொன்னாக் கேளுட்டி.”

கேட்டிருக்கலாம். ஆனால் குரூப்பில் அதற்குள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ‘நாளைக்கு என்ன வரும், செல்வி?’ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். லைனில் இத்தனை நாள் ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடாத பெண். தலைகால் புரியுமா? செவ்வாய்க்கிழமையும் அதே சீட்டில் போய் உட்கார்ந்தாள். குரல் வந்தது. கதை வந்தது. ராத்திரி அது அச்சு மாறாமல் டிவியில் வந்தது.

புதன்கிழமை சில விஷயங்கள் அவளுக்கு உறுத்தின. பக்கத்தில் ஒரு டிரெய்லர் காது கிழிய ஹாரன் அடித்துப் போனது. குரல் மட்டும் அமுங்கவில்லை. அந்த பஸ்ஸில் ஏசி கிடையாது, ஆனால் பிடரியில் சில்லென்று மூச்சு பட்டது. திங்கட்கிழமை ஒரு முழம் தள்ளிக் கேட்ட குரல் இப்போது காதுமடலுக்குப் பக்கத்தில் கேட்டது.

“அக்கா, நீங்க எந்த லைனு?” என்று தலையைத் திருப்பப் போனாள்.

“திரும்பாத. கதை போய்டும்.” பிறகு மெதுவாக, “அந்த சுபத்ரா கீறாளே... அவ இருக்கட்டுமா, போவட்டுமா? நீ இன்னா சொல்ற?”

“போகட்டும்க்கா. அவ இருந்தா யாழினி வாழ முடியாது.”

அன்று ராத்திரி 8:52-க்கு சுபத்ரா மாடிப்படியில் உருண்டு செத்தாள். குரூப்பில் பதினொரு பேர் இருந்த இடத்தில் அறுபத்து நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். உலகம்மாள் பேசிப் போட்ட கதையை அன்றைக்கு ஒருத்தியும் கேட்கவில்லை.

சீரியல் முடிந்து வந்த உலகம்மாள் அவளைத் தட்டி எழுப்பினாள். “நாளைக்கு அங்க உக்காந்தா நான் மனுசியா இருக்க மாட்டேன், பாத்துக்கிடு.”

“உனக்குப் பொறாமைக்கா. உன் கதைய யாரும் கேக்கலன்னு பொறாமை.”

உலகம்மாள் கீழ்க் கட்டிலுக்குப் போனாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொன்னவளுக்கே நெஞ்சு சுட்டது. ஆனாலும் மாரிசெல்வி மன்னிப்புக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை. 2:24.

“இன்னிக்கு கதைல புதுசா ஒருத்தி வரா” என்றது குரல்.

“யாருக்கா?”

“தங்கச்சி தங்கச்சின்னு ஒருத்திய கூட்டியாந்து கூடவே வெச்சிகினு கீறா. ஆனா அவகிட்ட ஒண்ண மறைக்கிறா. பெரிய விசயம்.” பிறகு அதே கேள்வி. “இருக்கட்டுமா, போவட்டுமா?”

ராத்திரிச் சண்டையின் எரிச்சல் மாரிசெல்விக்கு இன்னும் அடங்கவில்லை. “கூட இருந்துக்கிட்டே மறைக்கிறவள என்னத்துக்கு வச்சிக்கிட்டு? போகட்டும்.”

“நல்லா யோசிச்சியா?”

“போகட்டும்க்கா.”

2:31.

“செரி” என்றது குரல். “அவசரமா கேட்டத் தாண்டி ஓடியாறா. அந்நேரத்துக்கு பஸ்சு இல்ல. எவனோ பைக்குல போறான், ஏறிக்கிறா... பாவம். காலைல கூட, கீழ்க் கட்டில்ல படுத்துகினு தங்கச்சி தூங்கற மேல் கட்டிலையே பாத்துகினு இருந்தா...”

மாரிசெல்வி கண்ணைத் திறந்தாள்.

அந்த சீரியலில் வருவது பங்களா வீடு. தேக்குக் கட்டில், பட்டு மெத்தை.

அதில் அடுக்குக் கட்டில் ஏது?

முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “அக்கா... வேண்டாம்... இருக்கட்டும். அவ இருக்கட்டும்!”

சீட்டை ஓங்கித் தட்டினாள்.

“இருக்கட்டும்னு சொல்லுதேன்ல!”

சட்டென்று திரும்பினாள்.

பின் சீட்டில் இரண்டு ஒடிசாப் பெண்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, வாய் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

அவள் பின்பக்கம் பார்த்தபடியே இருந்தாள்.

இப்போது அவள் முதுகு இருந்த பக்கத்திலிருந்து, காதோரம்...

“திரும்பாதன்னேனே.”

2:33.

அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் கன்னியப்பன் பிரேக் அடித்தார். “இன்னாம்மா ஆச்சு? கனவா?”

“அண்ணே, கம்பெனிக்குத் திருப்புங்க. எங்க அக்காவப் பாக்கணும்.”

“வெள்ளாடறியா? நாப்பது பேரு கீறாங்க. வூட்டாண்ட இறங்கி போன் பண்ணு.”

3:04-க்கு ஹாஸ்டலில் இறங்கி ஓடினாள். லாக்கரைத் திறந்து போனை எடுத்தாள். உலகம்மாள் நம்பரை அழுத்தினாள்.

அதே அறையில் மணி அடித்தது. உலகம்மாளின் லாக்கருக்குள்.

கம்பெனி கேட்டுக்குப் போன் அடித்தாள். 3:09. எடுத்தவர் செக்யூரிட்டி வெங்கடேசன்.

“லைன்ல கீறவங்கள கூப்ட முடியாதும்மா.”

“கூப்பிட வேண்டாம்ண்ணே... வெளிய விடாதீங்க... பைக்குல ஏற வேண்டாம்னு சொல்லுங்க...” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அழுகைதான் வந்தது.

“அழாத. நான் சொல்லிடறேன். அழாத.”

வெங்கடேசன் நல்ல மனுஷர். அதுதான் வினையாகப் போனது. அழுகையில் பாதி அவருக்குப் புரியவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போய், உலகம்மாளின் தங்கச்சி கதறிக்கொண்டு போன் பண்ணுகிறாள், என்னவோ ஏதோ என்று சொல்லிவிட்டார்.

3:22-க்கு உலகம்மாள் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடிவந்தாள். அந்நேரத்துக்கு பஸ் இல்லை. கூட வேலை செய்கிற ஒருவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். கை காட்டி ஏறிக்கொண்டாள்.

3:38. சர்வீஸ் ரோட்டு வளைவு. டிரெய்லர்.

பைக் ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

மனசு கேட்காமல் கம்பெனிக்கே கிளம்பிய மாரிசெல்வி ஷேர் ஆட்டோவில் அந்த வளைவுக்கு வந்தபோது மணி 3:50. ரோட்டில் கூட்டம். உலகம்மாளின் ஒரு செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் 6:12-க்கு உலகம்மாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஆனால் அன்று நாலரை மணிக்கு அவளுக்கு நல்ல நினைவு வந்து ஐந்து நிமிஷம் பேசினாள். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் மாரிசெல்வி ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். என்னிடம் சொன்னபோதும் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“செல்வி...”

“இங்கதாங்க்கா இருக்கேன்.”

“என் பஸ்ஸுலயும் ஒருத்தி கதை சொல்லுதா. ஒரு மாசமாச்சு.”

மாரிசெல்வி கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொன்னா நீ பயந்துருவன்னு மறைச்சிட்டேன். செவ்வாக்கிழமை சாயங்காலம் புதுசா ஒரு பிள்ளையச் சொன்னா. மேல் கட்டில்ல தூங்குத பிள்ளை. இருக்கட்டுமா, போகட்டுமான்னு கேட்டா.”

“நீ... என்னக்கா சொன்ன?”

“இருக்கட்டும்னேன். எங்கயாவது நல்லா இருக்கட்டும்னேன். வேற என்னத்தச் சொல்லுவேன்?”

மெஷின் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“உங்கிட்டயும் என்னையக் கேட்டிருப்பாளே. நீ என்னட்டி சொன்ன?”

மாரிசெல்வி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“இருக்கட்டும்னுதாங்க்கா சொன்னேன்.”

உலகம்மாள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“இல்லைன்னு தலையாட்டுதாளே, செல்வி...”

மாரிசெல்வி அப்போது ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.