சந்தி

கறை பட்ட சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்துவிட்டு, "காப்பி இல்ல, டீ. சர்க்கரை தூக்கல்" என்கிறார் சலவைக்கடை அம்மா. சட்டைக்காரர் அசடு வழிகிறார். "வீட்ல சொல்லிடாதீங்க" என்று கெஞ்சல் வேறு.

கடையில் அவர் வாய் சும்மா இருக்காது. துணியில் சீட்டுக் குத்தும் குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டேதான் ஊர்க்கதை எல்லாம். உதடு ஒட்டாததால் ப, ம எல்லாம் பாதி வழியில் காணாமல் போய்விடும். அவர் மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருந்தேன். ஆகவே நான் அவருக்குச் சம்பந்தி. அவர் வாயில் அது 'சந்தி'. நான் தமிழ் டீச்சர், திருத்தாமல் இருக்க முடியுமா? "சந்தின்னா ரெண்டு சொல் சேர்ற இடம்ங்க. ஊசியை எடுத்துட்டுக் கூப்பிடுங்க" என்றேன்.

ஊசியை எடுத்தார். "சரியாத்தானே சொல்லியிருக்கேன்" என்றார். மறுபடி ஊசி வாய்க்குப் போய்விட்டது.

ஆரம்பத்தில் எனக்கு இவரைக் கண்டாலே ஆகாது. கல்யாணப் பேச்சுக்கு வந்த இடத்தில் என் துணிப்பையைப் புரட்டிப் பார்த்து, "மசிக்கறை. வெந்நீர் காட்டிடாதீங்க" என்றார். எல்லோர் எதிரிலும்! எனக்குச் சுருக்கென்றது.

பிள்ளைகளுக்கு ஒத்துவரவில்லை. கட்டில் உனக்கு, பீரோ எனக்கு என்று சண்டை இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பேரை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. நான் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். ஒருநாள் சலவைக்கடை அம்மாவே என் வீட்டுக்கு வந்து நின்றார்.

"இனிமே என்ன உறவுன்னு வர்றது?" என்றேன்.

"அவங்க வேணாம்னது அவங்களை. உங்களை வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? தனியாக் குடிச்சா டீ தொண்டைல இறங்க மாட்டேங்குது."

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நேரே சலவைக்கடைதான். இஸ்திரி மேசையை ஒட்டிய ஸ்டூல் எனக்கு. பரீட்சைத் தாளில் பிள்ளைகள் எழுதிய கூத்தையெல்லாம் நான் படித்துக் காட்ட, அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரிப்பார். இந்த வயதில் இப்படி ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று யார் கண்டது?

போன மாதம் அவர் மகனுக்கு வேறிடத்தில் பேசி முடித்தார்கள். "நல்லதும்மா" என்று என் மகளே சந்தோஷப்பட்டாள். எனக்குத்தான் ஒரே கேள்வி. புதுச் சம்பந்தி வந்துவிட்டால் நான் யார்? சின்னப்பிள்ளைத்தனம்தான், தெரிகிறது. ஆனாலும் அந்த டீயை விட மனசு வரவில்லை.

நேற்று புதுப்பெண்ணின் அம்மா கடைக்கு வந்தார். நான் எழுந்து பையைத் தேடினேன்.

"இவங்க யாரு?"

சலவைக்கடை அம்மா உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"சம்பந்தி, இவங்க என் சந்தி" என்றார், அட்சரம் பிசகாமல்.

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரலாம் என்று என் ஸ்டூல் பக்கம் நகர்ந்தார். இவர் தன் நாற்காலியைத் தூக்கி அவருக்குப் போட்டார். பிறகு நின்றபடியே, ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.