பிடி அரிசிக் கலயம்

ஞானப்பூ அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் கோயிலில் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி கர்த்தருக்கு நன்றி சொல்ல வேண்டும். தோட்டமே அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்பார்க்காமல் என்ன செய்யும்? சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன ஆட்களில் ஒருத்தன்கூடத் திரும்பாத தோட்டத்தில், அவள் புருஷன் மாசிலாமணி மட்டும் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்திருந்தான். இதற்குச் சொல்லாத நன்றியை வேறு எதற்குச் சொல்வது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பேச்சுக்கு என்ன குறைச்சல்? சொல்ல வேண்டியவள் தொண்டையில் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நாசரேத்துப் பக்கத்துப் பெண் அவள். கல்யாணமான கையோடு கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஈப்போவைத் தாண்டி சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் கிடந்த அந்தக் கித்தாத் தோட்டத்துக்கு, அதாவது ரப்பர்த் தோட்டத்துக்கு, வந்தபோது தகரப் பெட்டியில் இரண்டு சேலையும் ஒரு மண்கலயமும் கொண்டுவந்தாள். கலயம் பிடி அரிசிக்கு. அவள் ஊர்க் கிறிஸ்தவப் பெண்களுக்கு அது பல் விளக்குவது மாதிரி ஒரு பழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் அரிசியில் ஒரு பிடியை முதலில் எடுத்துக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். அது கோயிலுக்கு. நாள் பார்த்துக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்கள். வீட்டில் என்ன நெருக்கடி வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. யாரும் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி செல்லாயி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஞானப்பூ பிடி அரிசி எடுப்பதைப் பார்த்து, உங்கள் சாமி நன்றாகச் சாப்பிடுவார் போலிருக்கிறதே என்று கேலி செய்வாள். ஞானப்பூவும் சிரித்துக்கொண்டே, ஸ்தோத்திரம் என்பாள். தும்மினாலும் ஸ்தோத்திரம், மழை பெய்தாலும் ஸ்தோத்திரம், கித்தாப் பால் வாளி கவிழ்ந்து கணக்கெழுதுகிற கிராணியிடம் வசவு வாங்கினாலும் ஸ்தோத்திரம். நல்லது கெட்டது பார்த்து நன்றி சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். கூலிகளை ஆட்டிப்படைத்த வெள்ளைத் துரை காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடியபோது, போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. கித்தாப் பாலுக்கு மதிப்பில்லாமல் போனது. மரத்துக்கு மரம் நடுவே மண்ணைக் கொத்தி மரவள்ளிக்கிழங்கு நட்டார்கள். காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு. எப்போதாவது சுண்ணாம்பு வாடை அடிக்கிற பங்கீட்டு அரிசி கொடுப்பார்கள். பாகான் செராய்ப் பக்கமிருந்து கள்ளத்தனமாக நல்ல அரிசி வந்தது. கம்மலைக் கழற்றிக் கொடுக்கிறவர்களுக்குக் கிடைத்தது. ஞானப்பூவின் கம்மலும் அப்படித்தான் போயிற்று. அந்த அரிசியிலும் அவள் முதலில் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள். மாசிலாமணி பார்த்தான், தடுக்கவில்லை. அவனும் அதே ஊர்க்காரன்தானே.

ஈஸ்டர் முடிந்த கொஞ்ச நாளில் பெரட்டு மணி அடித்தது. விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற மணி வேளை கெட்ட வேளையில் அடிக்கிறதே என்று பார்த்தால், அரிசி போடுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஆண்களெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரட்டுக் களத்தில் அரிசி மூட்டை இல்லை, லாரிதான் நின்றது. கங்காணி கையைக் காட்டக் காட்ட சிப்பாய்கள் ஏற்றினார்கள். மாசிலாமணி காலி அரிசிப்பையோடு லாரியில் ஏறியதை ஞானப்பூ தூரத்திலிருந்து பார்த்தாள். இடுப்பில் மகள் லில்லி. கத்திக்கொண்டே ஓடிப் பார்த்தாள், லாரி நிற்குமா?

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கலயத்தின் முன்னால் முழங்காலில் விழுந்து ஒரு பொருத்தனை செய்தாள். அவர் உயிரோடு திரும்பட்டும், கிறிஸ்துமஸுக்கு இந்தக் கலயத்தை நிறைத்துக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைக்கிறேன், சபைக்கு முன்னால் நின்று நன்றி சொல்கிறேன் என்றாள். அதுவரைக்கும் ஒரு மணி அரிசிகூட எடுக்கமாட்டேன் என்றும் சொல்லிக்கொண்டாள். அந்தக் கடைசி வாக்கை யாரும் அவளிடம் கேட்கவில்லை. தானாகவே சேர்த்துக்கொண்டாள், பாவி.

அடைமழை தொடங்கும் சமயத்தில் லில்லிக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி என்ற பெயரில் ஒரு காலிக் கொட்டகை நின்றது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து தீர்ந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. பங்கீட்டு அரிசியும் அப்போது நின்றுபோயிருந்தது. ஞானப்பூ கிழங்கு மாவைக் கரைத்துக் கூழாக ஊட்டினாள். பிள்ளை துப்பியது. அரிசிக் கஞ்சி வேணும்மா என்றது. இல்லை கண்ணு என்றாள் இவள். லில்லி அடுப்படி மூலையைப் பார்த்துவிட்டு, அதுல இருக்கே என்றாள். அது சாமி அரிசி என்று ஞானப்பூ சொன்னதும் பிள்ளை தலையாட்டியது. எதையும் இரண்டாம் தடவை கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளை அதை மட்டும் திரும்பக் கேட்கவில்லை.

செல்லாயிக்குத்தான் மனசு கேட்கவில்லை. வாசலில் வந்து நின்றுகொண்டு, "அக்கா, ஒரு கை அள்ளிப் போட்டுக் கஞ்சி வையிக்கா. ஒங்க சாமிக்குப் புள்ளைய விடவா பசிக்குது?" என்றாள்.

ஞானப்பூ நினைக்காமல் இல்லை. கலயத்து மூடியில் கைகூட வைத்தாள்.  இதிலிருந்து ஒரு பிடி எடுத்தால், எங்கேயோ காட்டில் கிடக்கிற மாசிலாமணியின் உயிரிலிருந்தே எடுத்த மாதிரி இருந்தது. காய்ச்சல் போன வருஷமும்தான் வந்தது, தானாக இறங்கவில்லையா? இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியை விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் லில்லி போய்விட்டாள். பழக்கதோஷம், பிள்ளையின் கண்ணை மூடும்போதும் ஞானப்பூவின் வாய் ஸ்தோத்திரம் என்றுதான் முணுமுணுத்தது. பிறகு தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

கஞ்சி குடித்திருந்தால் பிழைத்திருப்பாளா என்றால், யாரால் சொல்ல முடியும்? அந்த வருஷம் லயத்தில் எத்தனையோ பிள்ளைகள் போயின. சோறு தின்ற பிள்ளையும் போயிற்று. ஆனால் கஞ்சி கேட்டு, கலயத்தைப் பார்த்துவிட்டுப் போன பிள்ளை அவளுடையது. அதை எந்தச் சமாதானத்தைச் சொல்லி ஆற்றுவது?

டிசம்பர் பிறந்ததும் ஒரு சாயங்காலம், கித்தா மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கிழவன் நடந்து வந்தான். கிட்டே வந்த பிறகுதான் மாசிலாமணி என்று தெரிந்தது. முகாமிலிருந்து தப்பி, கூட்ஸ் வண்டியில் ஒளிந்தும் காட்டு வழியில் நடந்தும் வந்திருந்தான். காலில் புண் அழுகிக் கிடந்தது. படியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது லில்லியைத்தான். காய்ச்சல்ல போயிட்டா என்று ஞானப்பூ சொன்னாள். அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அன்றும் அதற்கு அப்புறமும் அவன் வேறெதுவும் கேட்கவில்லை; அவளும் வேறெதுவும் சொல்லவில்லை.

தோட்டம் கொண்டாடியது. உபதேசியார் வேதமாணிக்கம் நல்ல மனிதர். ஈப்போவிலிருந்து சைக்கிளில் வந்து ஜெபம் நடத்தியவர், சண்டை வந்த பிறகு தோட்டத்திலேயே தங்கிவிட்டார். ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் அவருக்கு வாய் அடங்காது. ஞானப்பூவின் பொருத்தனை பலித்தது, அவள் விசுவாசத்தைப் பாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு மகளை வைத்துக்கொண்டு செய்த பொருத்தனையை மகளில்லாமல் செலுத்தப் போகிறோமே என்று இருந்தது. ஒருநாள் மாசிலாமணி கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அவன் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், எழுந்து போனாள். உயிர் பிழைத்து வந்தவனிடம், உன் மகள் கேட்ட கஞ்சியை உனக்காகத்தான் கொடுக்காமல் விட்டேன் என்று எப்படிச் சொல்வாள்?

கிறிஸ்துமஸும் வந்தது. கித்தா ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைத்த பழைய கொட்டகைதான் கோயில். பால் வெட்டு நின்றும் அந்தப் புகை வாடை போகவில்லை. நட்சத்திர விளக்கு ஒட்டக் காகிதம் கிடையாது, புதுத்துணி கிடையாது. பாதிப் பேர் சாக்குத் துணியில் தைத்ததைப் போட்டிருந்தார்கள். பண்டிகை பார்க்கச் செல்லாயியும் தன் பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்றாள்.

பொருத்தனை உள்ளவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போய்க் காணிக்கையை வைத்து, எதற்காக நன்றி என்று சொல்வார்கள். சொல்லி முடித்ததும் சபை ஒரே குரலில் ஸ்தோத்திரம் என்று சொல்லும். ஒருவர் இரண்டு முட்டை வைத்தார், ஸ்தோத்திரம். ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தாள், ஸ்தோத்திரம். பிறகு உபதேசியார் முகமெல்லாம் மலர ஞானப்பூவைக் கூப்பிட்டார்.

கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பிள்ளையைச் சுமந்த அதே இடுப்பு. பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். கலயத்தைக் கீழே வைக்கவில்லை. கர்த்தாவே உமக்கு நன்றி என்று தொடங்க வேண்டும். அதைத்தான் ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். மாசிலாமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"லில்லி கஞ்சி கேட்டா," என்றாள். "அப்ப இந்தக் கலயத்துல அரிசி இருந்துச்சு. நான் கொடுக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். குரல் உயரவில்லை. காதில் விழுந்தது மனசில் இறங்குவதற்கு முன்னால், பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்றார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே உறைத்தது.  வாசலில் செல்லாயி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மாசிலாமணி நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான். அடிக்கப் போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடித்தால் தேவலை என்று ஞானப்பூவும் நினைத்தாள். அவன் கலயத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். கொட்டகைக்குப் பின்புறம் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அங்க என் பக்கத்துல படுத்திருந்தவன் ராத்திரி செத்துப் போயிட்டான் புள்ள. நான் யாருட்டயும் சொல்லல. காய்ச்சல்ல கெடக்கான்னு சொல்லி அவன் சோத்தையும் நானே வாங்கித் தின்னேன். நாத்தம் எடுக்கிற வரைக்கும் தின்னேன். அப்படித்தான் நான் பொழச்சு வந்தேன்."

பிறகு, அடுப்பை மூட்டச் சொல்லு, லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வரட்டும் என்றான். உபதேசியாரும் வந்து பார்த்தார். கோயில் அரிசியாயிற்றே என்று அவருக்கு வாய்வரை வந்திருக்கும். வந்ததை விழுங்கிக்கொண்டு விறகு பொறுக்கப் போனார். அந்த மட்டில் அவர் பெரிய மனிதர்தான். செல்லாயி தன் வீட்டுப் பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்துப் பிள்ளை, கிறிஸ்தவப் பிள்ளை எல்லாம் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றன. ஞானப்பூதான் கஞ்சியை ஊற்றினாள். சுண்ணாம்பு வாடை அடித்த கஞ்சியை அதுகள் ஊதி ஊதிக் குடித்ததைப் பார்த்துக்கொண்டே ஊற்றினாள். மாசிலாமணிக்கும் ஊற்றினாள். அவன் குடித்தான். அவள் மட்டும் வாயில் ஒரு சொட்டு விடவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அன்றைக்குத்தான் லில்லிக்காக வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகும் அவள் பிடி அரிசி எடுப்பதை நிறுத்தவில்லை. அரிசி கிடைத்த நாளில் எடுத்தாள். லயத்தில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கலயம் அந்த வீட்டுக்குப் போயிற்று. மாசிலாமணி கால் புண்ணிலேயே மறுவருஷம் மழைக்காலத்தில் செத்துப்போனான். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கும் ஜப்பான்காரன் இருந்தான், கிழங்கும் இருந்தது. ஞானப்பூ கோயிலுக்குப் போனாள், எல்லாப் பாட்டையும் பாடினாள். நன்றி சொல்லும் நேரம் வந்ததும் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் சாட்சி சொன்னபோது சபையோடு சேர்ந்து ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை.

வாசலிலிருந்து அதைப் பார்த்துவிட்ட செல்லாயி, வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "அக்கா, ஒங்க சாமிகூட இன்னும் கோவமாவா இருக்க?"

 லில்லியின் கல்லறை இருந்த மேட்டைத் தாண்டும்போது ஞானப்பூ நின்றாள்.

"கோவமெல்லாம் இல்ல செல்லாயி. அவருக்குச் சொல்ல வேண்டியது எங்கிட்ட நெறைய இருக்கு. ஆனா மொதல்ல லில்லிகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன். அவ ஒன்னும் சொல்லலயே. அவ சொல்லட்டும், அப்புறம் அவருக்குச் சொல்றேன்."