முத்துப்பேச்சி சொன்ன படம்

லிங்கசாமிக்குப் படம் பார்க்க வராது. திரையில் எழுத்து ஓடும்போதே கண் சொருகிவிடும். கல்யாணமான புதிதில் மனைவி மயிலாத்தாளைத் தாராபுரத்துத் தியேட்டருக்குக் கூட்டிப்போனவரை, இடைவேளையில் அவள் தட்டி எழுப்பித்தான் முறுக்கு வாங்கிவரச் சொன்னாள். குண்டடத்தில் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர்தான், தோட்டத்து ஆழ்துளைக் கிணறு வற்றிக் கைவிட்ட பிறகு, இரண்டாயிரத்து ஆறில் திருப்பூருக்கு வந்து சிடி, டிவிடி வாடகைக் கடை போட்டார்.

கடையைச் சுற்றி லைன் வீடுகள். தெக்கத்தி ஊர்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்டு உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வருவார்கள். வந்ததும் கேட்கும் முதல் கேள்விக்குத்தான் லிங்கசாமியிடம் பதில் இருக்காது.

"அண்ணே, எது நல்ல படம்?"

"எல்லாமே நல்லாத்தானுங்க ஓடுது" என்பார். இரண்டு முறை ஏமாந்தவர்கள் மூன்றாம் முறை அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் முத்துப்பேச்சி வந்தாள். நாற்பது வயதுக்குச் சற்று மேலே இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்து ஊர். புருஷன் முனீஸுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அவளுக்கு ஒரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்துப் போட்டு, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, குறை உள்ள இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது. பன்னிரண்டு வருஷமாக அதே மேஜை. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. கையெழுத்து மட்டும் போடுவாள்.

முதல்முறை வாங்கிப்போன டிவிடியைத் திங்கள்கிழமை சாயங்காலம் திருப்பிக் கொடுத்தவளிடம் லிங்கசாமி பேச்சுக்குக் கேட்டார். "எப்பிடீங்கக்கா இருந்துச்சு?"

மற்றவர்கள் "பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முத்துப்பேச்சி நின்றாள்.

"முதப் பாதி நல்லா இருக்கு அண்ணாச்சி. அண்ணன் தம்பி சண்டை. அந்த அம்மாவா வர்றவுக வாயத் தொறக்காம கண்ணுலயே பேசுறாக. பின்னாடி வெளியூருக்குப் போயி ஆடுறதெல்லாம் தேவையே இல்ல. பங்காளித் தகராறு இருக்கிற வீட்டுல இதப் போடாதீக, மனசு கெட்டுப்போகும். புதுசா கல்யாணமானவுகளுக்குக் குடுங்க."

லிங்கசாமி அதை அப்படியே அடுத்து வந்தவரிடம் ஒப்பித்தார். வாங்கிப்போன புது ஜோடி மறுநாள் சிரித்துக்கொண்டே வந்து, "அண்ணே, அதே மாதிரி இன்னொண்ணு குடுங்க" என்றது. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு படத்தை நல்லது கெட்டது என்று சொல்லுகிற ஆட்களை அவருக்குத் தெரியும். இது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பிரித்துச் சொன்ன ஆளை அதுவரை பார்த்ததில்லை.

நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டார். முத்துப்பேச்சி சொல்லச் சொல்ல அவரே எழுதினார். 'காய்ச்சலில் கிடக்கிறவர் பார்க்கலாம், சத்தம் கம்மி.' 'பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், ஒரு இடத்தில் ரத்தம் ரொம்ப.' 'சிரிப்புப் படம் என்று போட்டிருக்கிறது, சிரிப்பு மூன்று இடம்தான்.' ஆறு மாதத்தில் ஜனங்கள் அட்டைப் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேராக நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் வாசித்துக் காட்டினார்கள்.

சும்மா தலையாட்டிப் போன கூட்டமும் இல்லை அது. மொக்கைச்சாமி என்று ஒரு கட்டிங் மாஸ்டர். முத்துப்பேச்சி 'தேறாது' என்று சொன்ன ஒரு போலீஸ் படத்துக்காகக் கடைக்கு வந்து சண்டை பிடித்தார்.

"நான் மூணு தடவ பாத்தேன். அந்த ஆளு கடைசில வேலைய விட்டுட்டு வர்றான்ல, அந்த இடத்துல எனக்கு அழுகை வந்துருச்சு. இந்தம்மா எப்படித் தேறாதுன்னு சொல்லலாம்?"

முத்துப்பேச்சி அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "நீங்க வேலைய விட்டுருக்கீகளா?" என்று கேட்டாள்.

"விட்டேன். ஒரு சூப்பர்வைசர் கைநீட்டிப் பேசினான்னு விட்டேன்."

"அண்ணாச்சி, இவுக சொன்னதையும் பக்கத்துலயே எழுதுங்க. வேலைய விட்டுட்டு வந்தவுகளுக்கு நல்ல படம்னு போடுங்க."

அன்றிலிருந்து நோட்டில் மற்றவர்களின் கருத்தும் சேர்ந்தது. ராத்திரி ஷிப்டுக்குப் போவதால் சீரியலைத் தவறவிடும் பெண்கள், முத்துப்பேச்சியை வழியில் நிறுத்தி அந்த வாரத்துக் கதையைக் கேட்டுக்கொண்டு போவார்கள். இழுவையாக ஓடிய ஐந்து நாள் கதையை அவள் ஐந்தே வாக்கியத்தில் சொல்லிவிடுவாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் கோயம்புத்தூரிலிருந்து மொத்தமாக வந்த டிவிடிக் கட்டுக்குள், அட்டையே இல்லாத ஒரு தட்டு கிடந்தது. மேலே இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருந்தது. ஆனால் எழுத்துகளுக்குத் தலையில் புள்ளியும் காலில் வாலும். போட்டுப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் பனி. பேசுகிற பாஷை யாருக்கும் பிடிபடவில்லை. கீழே எழுத்தும் ஓடவில்லை. லிங்கசாமி அதை ஓரமாக வைத்துவிட்டார்.

"அது என்ன அண்ணாச்சி?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

"என்ன பாஷைன்னே தெரியலீங்கக்கா. ஒண்ணும் புரியாது."

"மூஞ்சி இருக்குல்ல? குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வாங்கிப்போனவள் திங்கள்கிழமை திருப்பித் தரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். அப்போதுதான் கரண்ட் போயிருந்தது. அந்த வருஷம் தினமும் போகும். கடைக்குள் வெக்கை தாங்காமல் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முத்துப்பேச்சியின் கம்பெனியிலேயே மெர்ச்சண்டைசராக இருந்த அபிராமியும் நின்றிருந்தாள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்பி ஆர்டர் கவனிக்கிற, நாலு எழுத்து படித்த பெண்.

"மூணு தடவ பாத்துட்டேன்" என்று ஆரம்பித்தாள் முத்துப்பேச்சி. "ஒரு பொம்பள. அம்பது வயசு இருக்கும். ரொட்டி சுடுற கடையில வேல பாக்கா. ஒத்தையில இருக்கா. வாரா வாரம் தபால்காரரு ஒரு லெட்டரக் குடுத்துட்டுப் போவாரு. பிரிக்க மாட்டா. மாவு டப்பாக்குள்ள போட்டு மூடிருவா..."

லிங்கசாமி ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். சாலையில் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. இறங்கியவர்களில் சிலர் வந்து நின்றார்கள். முத்துப்பேச்சி கையை ஆட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. பனியன் மடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். மாவு டப்பா நிறைந்துவிட, அந்தப் பெண் இன்னொரு டப்பா வாங்குகிறாள். ஒரு வாரம் கடிதம் வரவில்லை. அன்று அவள் சுட்ட ரொட்டியெல்லாம் கருகுகிறது. அதற்கடுத்த நாள் ஒரு வாலிபன் கடைக்கு வருகிறான். ரொட்டி கேட்கிறான். அவள் கொடுக்கிறாள். அவன் பனியில் நடந்து போய்விடுகிறான்.

"அம்புட்டுதான் படம். வந்தவன் அவ மகன். சின்னதுலயே யாருகிட்டயோ குடுத்துருக்கா."

கரண்ட் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஒருவரும் நகரவில்லை. தான் தூங்காமல் ஒரு முழுப் படத்தைக் கேட்டு முடித்திருக்கிறோம் என்பது லிங்கசாமிக்கு அப்புறம்தான் உறைத்தது. பாஷை தெரியாத ஊர்க் கதை இந்தம்மாவுக்கு எந்த வழியாக உள்ளே போனது?

அந்த வாரத்திலிருந்து அட்டையில்லாத டிவிடி கடையில் தங்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அப்படியே கை மாறிப் போனது.

அடுத்த மாதம் ஒரு நாள் மத்தியானம் கடை போன் அடித்தது. அபிராமிதான்.

"அண்ணா, அந்தப் பனிப் படத்த எடுத்துக்கிட்டு உடனே எங்க கம்பெனிக்கு வர முடியுங்களா?"

பையர் தரப்பிலிருந்து சரக்கைப் பரிசோதிக்க ஒரு வெள்ளைக்கார அம்மா வந்திருந்தார். ஐரோப்பாவில் ஏதோ குளிர் நாடு. அவருடைய விசிட்டிங் கார்டில் புள்ளியும் வாலுமாக இருந்த எழுத்தைப் பார்த்ததும் அபிராமிக்குப் பொறி தட்டியிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் முத்துப்பேச்சி சொன்ன கதையை இங்கிலீஷில் சொன்னாளாம். அந்த அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம்.

லிங்கசாமி டிவிடி இருந்த வீட்டில் அதை வாங்கிக்கொண்டு டிவிஎஸ் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது, செக்கிங் மேஜைக்கு அருகே அந்த அம்மா நின்றிருந்தார். அறுபது வயது, நரைத்த குட்டை முடி. எதிரே முத்துப்பேச்சி, விரலில் ஸ்டிக்கர் ஒட்டியபடி. அபிராமி நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள்.

"இது அவங்க நாட்டுப் படந்தானுங்க அண்ணா. ரொம்பப் பேரு பாத்தது. கதை அப்படியே சரியா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா வந்தவன் யாருன்னு படத்துல எங்கயும் சொல்லவே இல்லையாம். பழைய காதலனோட பையன்னு சில பேரு, போலீஸ் அனுப்பின ஆளுன்னு சில பேரு, சும்மா வழிப்போக்கன்னு சில பேரு. இருபது வருஷமா அவங்க ஊர்ல இதுக்குச் சண்டை நடக்குதாம். அக்கா, நீங்க எத வெச்சு மகன்னு சொல்றீங்கன்னு கேக்கறாங்க."

முத்துப்பேச்சிக்குக் கூச்சமாகப் போயிற்று. எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"ரொட்டிய எல்லாருக்கும் முழுசாத்தான் தாள்ல சுத்திக் குடுக்கா. இவனுக்கு மட்டும் சுத்துறதுக்கு முன்னாடி, கருகுன ஓரத்தப் பிச்சுப்போட்டுக் குடுக்கா. ரெண்டு விரல்தான். அவளுக்கே தெரியாது. வழியில போறவனுக்கு எவளாவது ஓரத்தப் பிப்பாளா?"

அபிராமி சொல்லி முடித்ததும் அந்த அம்மா தலையசைத்து மறுத்தார். அப்படி ஒரு காட்சியே இல்லை என்றார். அபிராமியின் கம்ப்யூட்டரில் டிவிடியைப் போட்டார்கள். கடைசிப் பகுதிக்கு ஓட்டினார்கள். திரையில் அந்தப் பெண்ணின் முகம். எல்லாருடைய கண்ணும் அந்த முகத்திலேயே நின்றது. முத்துப்பேச்சி திரையின் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினாள். இருட்டில் பாதி மறைந்த கை. இரண்டு விரல் ரொட்டியின் ஓரத்தைத் தடவி, பிய்த்து, கீழே விட்டது. கண் இமைத்தால் தப்பிவிடும்.

அந்த அம்மா திரும்ப ஓட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை ஓடும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வெளியே தையல் மிஷின்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர் முத்துப்பேச்சியின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். என்னவோ முணுமுணுத்தார். அபிராமிக்கு அது புரியவில்லை. இங்கிலீஷ் இல்லை அது.

"என்னங்கக்கா சொன்னாங்க?" என்று லிங்கசாமி முத்துப்பேச்சியைக் கேட்டார், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றே நம்பி.

"தெரியல அண்ணாச்சி. ஆனா அவுகளுக்கும் யாரோ இருக்காக" என்றாள் முத்துப்பேச்சி.

லிங்கசாமி அன்று வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். தெரு முழுக்க இப்படி எத்தனை பேர் மேஜை மேஜையாக நின்றுகொண்டு எதையெல்லாம் பார்க்கிறார்களோ என்று நினைத்தபோது அவருக்கு லேசாகப் பயமாகக்கூட இருந்தது.

மறுவாரம் அவர் கேட்டுவிட்டார். "ஏனுங்கக்கா, செக்கிங் வேலைய விட்டுப்போட்டு நம்ம கடைக்கே வந்தர்றீங்களா? படம் பாத்து சொல்றதுதான் வேலை."

"வேண்டாம் அண்ணாச்சி. பாத்தே ஆகணும்னா அப்புறம் படம் தெரியாது, வேலதான் தெரியும்."

நாலு மாதம் கழித்து முத்துப்பேச்சி பேருக்குக் கம்பெனி விலாசத்தில் ஒரு பார்சல் வந்தது. அந்த அம்மா அனுப்பியது. உள்ளே மூன்று டிவிடி. முத்துப்பேச்சி மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டாள். மூன்றையும் கடைக்கே கொடுத்துவிட்டு, முதலாவது நன்றாக இருக்கிறது, மூன்றாவது வயசானவர்களுக்கு ஆகும் என்றாள்.

"ரெண்டாவது தேறாது. அழுகிறவுக யாருக்கும் கண்ணு செவக்கல."

பரிசாக வந்ததைப் போய் இப்படிச் சொல்லலாமா என்று லிங்கசாமி தயங்கினார். முத்துப்பேச்சி விடவில்லை. அவர் நோட்டில் எழுத, அபிராமி அதை மெயிலில் அனுப்பினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. அபிராமி அதைக் கடையில் வைத்துப் படித்துச் சொன்னாள். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. குளிர் காலத்தில் அவர்கள் ஊரில் வெளியே நின்று அழுதால் கண் சிவப்பதற்கு முன்னால் மூக்குதான் சிவக்குமாம். அந்தப் படத்தில் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை, எல்லாரும் மூக்கைத் துடைக்கிறார்கள், திரும்பப் பார் என்று எழுதியிருந்தார்.

முத்துப்பேச்சி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அந்த ரெண்டாவது எங்க இருக்கு அண்ணாச்சி?" என்றாள்.

லிங்கசாமி தேடி எடுத்துக் கொடுத்தார். நோட்டில் அதற்கு நேரே இருந்த வரியை அடிக்கவா என்று கேட்டார்.

"இருக்கட்டும். பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, தட்டை முந்தானையில் துடைத்தபடி அவள் படியிறங்கினாள்.